ஏழாவது படத்தில் இரண்டு பேர்

இதொஹாரா ஐயாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் வரைந்தது. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு எங்கள் இயன்முறை மருத்துவ நிலையத்தில் அதைக் கொடுப்போம். மொத்தம் ஏழு படங்கள். எப்படி உட்காரலாம், எப்படி உட்காரக் கூடாது என்று ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு குறி இருக்கும். வட்டம் என்றால் தாராளமாக. முக்கோணம் என்றால் மெதுவாக, பார்த்து. பெருக்கல் குறி என்றால் கூடவே கூடாது.

நாற்காலிக்கு வட்டம். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவதற்கு வட்டம். சம்மணத்துக்கு, எங்கள் பேச்சில் அகுரா, அதற்கும் வட்டம். முழங்காலை மடக்கிக் குதிகாலின் மேல் நிமிர்ந்து அமரும் செய்ஸாவுக்கு முக்கோணம். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை உட்கார வைப்பார்களே, இரண்டு முழங்காலையும் கையால் கட்டிக்கொண்டு, அதற்குப் பெருக்கல் குறி. இரண்டு காலையும் ஒரே பக்கமாக ஒதுக்கிச் சாய்ந்து உட்காரும் யோகோஸுவாரிக்கு, நான் சிவப்புப் பேனாவால், இன்னும் பெரிய பெருக்கல் குறி.

முதல் நாளே அவர் கேட்டார்.

"ஏன் வாத்தியாரே, இதுக்கு மட்டும் சிவப்பு? பொம்பளைங்க உக்கார்ற மாதிரி இருக்குன்னா?"

எனக்கு இப்படி யாராவது கேட்டால் போதும். மேசையில் இருந்த ஆரஞ்சுப் பழம் ஒன்றை எடுத்து, குவித்த உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இதான் ஐயா உங்க புது மூட்டு. பழம் தொடை எலும்போட தலை. கை இடுப்புக் குழி. வெளிப்பக்கமா காலை விரிச்சா, இதோ பாருங்க, பழம் உள்ள அழுந்தி உக்காந்துக்குது. அதனாலதான் சம்மணத்துக்கு வட்டம். ஆனா தொடையை மடக்கி உள்பக்கமா திருப்பினா..." கையைத் திருப்பினேன். பழம் பின்பக்கமாக உருண்டு பாயில் விழுந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் சம்சாரம் நாற்பது வருஷம் அப்படித்தான் உக்காந்தா. ஒண்ணும் விழலையே."

"அவங்களோடது சொந்த மூட்டு ஐயா."

"அதுவும் சரிதான்."

ஆகஸ்டில் கொல்லையில் துணி காயப்போடும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அக்டோபர் கடைசியில் வீடு திரும்பியிருந்தார். எழுபத்தெட்டு வயது. எங்கள் வெந்நீர் ஊற்று ஊரின் பெரிய விடுதியில் நாற்பத்தோரு வருடம் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றவர். நின்று என்று சொல்வது தவறு. மண்டியிட்டு. வண்டிச் சத்தம் கேட்டதும் வாசல் மேடையில் செய்ஸாவில் அமர்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி தரைக்கு ஒரு சாண் உயரத்தில் வரும்வரை குனிவார்களே, அந்த வேலை. மனைவி கிக்குனோ இறந்து நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்தரைக்கு நான் போவேன். நாற்பது நிமிடம். அதில் பாதி, ஏழாவது படத்துக்குப் போய்விடும்.

ஏழாவது படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவரை மாற்றுவது எப்படி என்பதுதான் அது. பார்க்கிறவர்கள் தூக்குகிறோம் என்று நினைக்கிறார்கள். தூக்கினால் என் முதுகு இரண்டே வருடத்தில் போயிருக்கும். அவரைக் கட்டில் விளிம்பில் அமர்த்தி, பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைக்கச் சொல்வேன். என் ஒரு காலை அவர் இரு கால்களுக்கும் நடுவே வைத்து, முழங்காலை மடக்கித் தாழ்வேன். அவர் கைகள் என் தோளைச் சுற்றிக்கொள்ளும். என் கைகள் அவர் முதுகில் பூட்டிக்கொள்ளும். அப்புறம் நான் பின்னால் சாய்வேன், அவ்வளவுதான். அவர் தலை என் தோளுக்கு மேல் வந்து, மூக்கு கால்விரலைத் தாண்டியதும், இடுப்பு தானாக எழும்பிவிடும். தராசின் ஒரு தட்டு தாழ மறு தட்டு எழுவது போல. பிறகு இருவரும் சேர்ந்தே சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, நாற்காலி முழங்காலின் பின்பக்கம் தட்டியதும் மெதுவாக இறங்க வேண்டும்.

நவம்பரில் ஒரு நாள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "எல்லாப் படத்துலயும் ஒரே ஒரு ஆளுதான் உக்காந்திருக்கான். கவனிச்சீங்களா?"

"உக்கார்றதுக்கு ஒரு ஆள் போதுமே ஐயா."

"ஏழாவதுல மட்டும் ரெண்டு பேர்." சிரித்தார். "உங்களுக்கு வரைய வராத படம் ஒண்ணு இருக்கு. சொல்லட்டா? அவ உக்காந்திருப்பா, நான் அவ மடியில தலை வச்சுப் படுத்திருப்பேன். காது குடைஞ்சு விடுவா. ஞாயித்துக்கிழமைல."

அதற்கு எங்களிடம் தனிப் பெயரே உண்டு. ஹிஸாமகுரா, மடித் தலையணை. நான் உடனே கேட்டேன், அவங்க செய்ஸாவிலா இருப்பாங்க, இல்லை யோகோஸுவாரியிலா என்று.

"ஏன், அதுலயும் குறி போடப் போறீங்களா?"

"இல்ல ஐயா. செய்ஸான்னா மடி உயரமா, கடினமா இருக்கும். கழுத்து வலிக்கும். காலை ஒரு பக்கமா ஒதுக்கினா மடி தாழ்ந்து அகலமாகும். தலை நல்லாப் பதியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிவப்புக் குறி போட்டதுதான்" என்றார். "மொதல்ல ஒரு காது, வெளியப் பாத்து. அப்புறம் திரும்பு திரும்புன்னு தட்டுவா. திரும்பினா மூஞ்சி அவ வயித்துப் பக்கம். சமையல் வாசம். நாலு வருஷமா இந்த இடது காது சரியாக் கேக்கல. டாக்டர்கிட்ட போய்யான்னு எல்லாரும் சொல்றாங்க. அவரு குழாய் வச்சுத் தண்ணி பீச்சி அழுக்கை எடுத்துருவாராம். ஒரு நிமிஷ வேலையாம்."

அவர் போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

டிசம்பர் நடுவில்தான் எனக்குத் தெரிந்தது, அவரால் நிற்க முடியும் என்று.

முதலில் சொன்னது அவர் பாதம். பலமில்லாத மனிதரைச் சாய்க்கும்போது, அவர் எடை முழுவதும் என் மேல் வந்து விழும், பிறகுதான் பாதம் தரையைத் தேடும். அன்று நான் "ஒண்ணு, ரெண்டு" சொல்லும்போதே அவர் உள்ளங்கால் தரையை அழுத்திவிட்டது. மூன்று சொல்லும்போது வேண்டுமென்றே தளர்ந்தார். நடிக்கிறவரின் எடை வேறு மாதிரி இருக்கும். அதை அவர் நம் மேல் பார்த்துப் பார்த்து வைப்பார், கண்ணாடிச் சாமானை இறக்குவது போல.

இரண்டாவது, புத்த மாடத்துக்கு முன்னால் இருந்த தரைமெத்தை. பக்கத்து அறையில், தரையோடு தரையாக இருந்தது அந்த மாடம். கிக்குனோ அம்மாளின் படத்துக்கு முன்னால் வைத்திருந்த தேநீர்க் கிண்ணத்தில் ஆவி போய்க்கொண்டிருந்தது. ஊதுவத்தி பாதிதான் எரிந்திருந்தது. தரையில் இறங்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெத்தையைப் பார்த்தேன். சம்மணமிட்டிருந்தால் நடுவில் ஒரே வட்டப் பள்ளம் விழும். காலை ஒதுக்கியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும். இதில் நீளமாக இரண்டு பள்ளம், பின்னால் ஆழம், முன்னால் மேலோட்டம். செய்ஸா. பதினைந்து நிமிடமாவது அசையாமல் அமர்ந்த செய்ஸா. அப்புறம் தானே எழுந்து கட்டிலுக்கு வந்து, என் காலடிச் சத்தம் கேட்டதும் தலையணையில் சாய்ந்திருக்கிறார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மெத்தையைப் பார்த்ததைப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாமா ஐயா?" என்றேன். குனிந்து, காலை நடுவில் வைத்தேன். அவர் கைகள் என் தோளைச் சுற்றின. எங்கள் நாட்டில் யாரும் யாரையும் கட்டிப் பிடிப்பதில்லை. குனிகிறோம். எவ்வளவு குனிவது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு மனிதனுக்கு மனைவி போய்விட்டால், சவரக் கடைக்காரரைத் தவிர அவனைத் தொட ஆள் கிடையாது. இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல. விவாகரத்தாகிப் பதினோரு வருடமாகிறது. ஒரு நாளைக்கு ஆறு பேரையாவது கட்டிப் பிடித்து எழுப்புகிறேன். என்னை யாராவது அப்படிப் பிடித்து எழுப்பியது கல்லூரிப் பயிற்சியில்தான். அங்கே மாறி மாறி நோயாளியாக நடிக்க வேண்டும்.

அன்றைய பதிவேட்டில் எழுதினேன்: கட்டிலிலிருந்து மாறுதல், பகுதி உதவி தேவை. அடுத்த வெள்ளியும் அதையே எழுதினேன். விழுந்துவிடப் போகிறார், அவசரப்பட வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான்.

ஜனவரியில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பராமரிப்பு நிலையை, அதாவது அவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை, மறுபடி மதிப்பிட ஆள் வருவார். நிலை குறைந்தால் என் வருகை நின்றுவிடும். அவர் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரீட்சையா வாத்தியாரே?"

"பரீட்சை மாதிரிதான். எழுந்து நிக்க முடியுதா, நடக்க முடியுதான்னு கேப்பாங்க."

"பாஸானா நீங்க வர மாட்டீங்க."

"ஆமா."

"அப்ப ஃபெயிலாகணும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்: "அப்படி ஒருத்தன் நெனச்சா, சும்மா ஒரு பேச்சுக்கு, அது கஷ்டமா?"

நான் சிரித்துவிட்டேன். "ரொம்பக் கஷ்டம் ஐயா. ஒருத்தராலயும் முடிஞ்சதில்ல." உண்மை அது. எங்கள் ஊர் முதியவர்கள் மதிப்பீட்டாளர் வந்தால் உயிரைக் கொடுத்தாவது நிமிர்ந்துவிடுவார்கள். கழிவறைக்குக் கூட நடக்க முடியாத எண்பத்தாறு வயது அம்மாள் ஒருவர், நகராட்சி ஆள் வந்த அன்று விசிறியை எடுத்து ஆடியே காட்டினார். பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"நான் ஆட மாட்டேன்" என்றார் இதொஹாரா ஐயா. "படுத்தே இருப்பேன். நீங்க வேணா பாருங்க."

மதிப்பீடு ஒரு செவ்வாய்க்கிழமை அமைந்தது. பதினொரு மணி என்றிருந்தார்கள். முன்தினம் முழுக்கப் பனி. பத்தே முக்காலுக்கு, நான் அவர் பாதங்களை இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டில் விளிம்பில் இருந்தார். தலையைக் கூட வாரிக்கொள்ளவில்லை, வேண்டுமென்றே.

வாசலில் வண்டி நின்றது. யாரோ பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்க்கும் சத்தம், இரண்டு தட்டு. கதவு நகர்ந்தது.

"வணக்கம்! உள்ள வரலாமுங்களா?"

என் கைகளுக்கு நடுவிலிருந்து அவர் போய்விட்டார். அப்படித்தான் சொல்ல முடிகிறது. எழுந்து, என்னைச் சுற்றி, நடைவழியில் ஏழெட்டு அடி, போகிற போக்கில் ஒரு கையால் தலைமுடியைப் படிய வைத்து, வாசல் மேடையை அடையும்போதே முழங்கால் மடங்கிவிட்டது. முதுகு நேராகக் கீழே இறங்கியது. கைகள் தரையில் முக்கோணமாகக் கூடின. நெற்றி ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"இவ்ளோ தூரம், இந்தக் குளிர்ல வந்திருக்கீங்க. உங்களுக்காகத்தான் காத்திருந்தோம். உள்ள வாங்க, உள்ள வாங்க."

முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. ஃபுகுமா என்று பெயர் அட்டை. ஒரு பூட்ஸைக் கழற்றிய நிலையில் வாயைத் திறந்து நின்றாள்.

அவர் நிமிரவில்லை. விடுதியில் மூன்று மூச்சு குனிந்திருப்பார்கள். அவர் பத்து மூச்சுக்கும் மேல் அப்படியே இருந்தார். கழுத்தின் பின்பக்கம் மெல்லச் சிவந்தது. என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு எழுந்தார். வேறு என்ன செய்ய?

"அம்மாடி! என்னாலயே இப்படி உக்கார முடியாதுங்க ஐயா, அஞ்சு நிமிஷத்துல கால் மரத்துப் போயிரும்" என்றாள் ஃபுகுமா.

"இல்லம்மா, எனக்கு ஒண்ணும் முடியாது. எல்லாத்துக்கும் இவர்தான். இன்னைக்கு ஏதோ..."

"அடடா, எவ்ளோ அடக்கம்!" அவள் எழுதிக்கொண்டாள்.

"அடக்கம் இல்லம்மா. நெசமாவே முடியாது."

"எங்க தாத்தாவும் இப்படித்தான். எதைக் கேட்டாலும் ஒண்ணும் தெரியாதும்பார்." சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க சார்? எழுந்ததைப் பாத்தீங்கதானே?"

பார்த்தேன். அதுதான் என் துரதிர்ஷ்டம். அப்படி ஒரு எழுச்சியை மாற்று மூட்டு வைத்த யாரிடமும் நான் பார்த்ததில்லை.

"பாத்தேனுங்க" என்றேன். "கையே ஊன்றல, கவனிச்சீங்களா? செய்ஸாவுலேர்ந்து நேரா எழுந்தா பின்னால விழுந்துருவோம். அவர் மொதல்ல கால்விரல் பத்தையும் உள்ள மடக்கினார். அப்பதான் குதிகால் நிமிர்ந்து எடை முன்னால வரும். அப்புறம் ஆபரேஷன் பண்ணாத காலை முன்வச்சு, பண்ணின காலால தள்ளினார். அந்தத் தள்ளலுக்குத்தான் பலம் வேணும். அதுவும் தலை ஆடாம. விடுதியில வேலை பாத்தவங்க அப்படித்தான் எழுவாங்க, கையில தட்டு இருக்குமே, அதனால..."

மண்டியிட்டு விரலை மடக்கிக் காட்டவும் செய்தேன். நிமிர்ந்து பார்த்தபோதுதான் ஃபுகுமாவின் பேனா வேகமாக ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. இதொஹாரா ஐயா கட்டிலில் போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கோபம் இல்லை. அவர் நாற்பத்தோரு வருடம் தன் வேலையைச் செய்தவர். நான் இருபத்து மூன்று வருடம். இருவருக்கும் அன்று வேலைதான் முந்திக்கொண்டது.

பிப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. இரண்டு படி குறைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை முதியோர் மையத்துக்கு வண்டியில் போய் மற்றவர்களோடு உடற்பயிற்சி செய்யலாம். நாற்காலிகள் வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரு கை இடைவெளியில் போட்டிருப்பார்கள்.

கடைசி வெள்ளிக்கிழமை போனபோது தாளைச் சுவரிலிருந்து எடுத்து மடித்து மேசையில் வைத்திருந்தார். அன்று படுத்திருக்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். படிக்கட்டு ஏறி இறங்கினோம். வீட்டைச் சுற்றி ஒரு நடை. இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"வேற என்ன பண்ணலாம் ஐயா?"

அவர் கட்டிலைக் காட்டினார். "உக்காருங்க."

"நானா?"

"குடிச்சிட்டு விழுந்த விருந்தாளிங்கள எத்தனை பேரை எழுப்பியிருப்பேன்! உங்களை எழுப்ப முடியாதா? உக்காருங்க வாத்தியாரே. பாதத்தைப் பின்னால இழுங்க. இன்னும் கொஞ்சம். ம்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவர் காலை நடுவில் வைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். பிடி சரியில்லை. பூட்ட வேண்டிய இடத்தில் பூட்டாமல், என் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையை விரித்து வைத்தார். சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"எடையை என் மேல குடுங்க" என்றார். "நீங்க குடுக்க மாட்டேங்கறீங்க."

"குடுத்தா விழுந்துருவீங்க ஐயா."

"அதை நான் பாத்துக்கறேன். ஒண்ணு... ரெண்டு..."

என் கன்னம் அவர் தோளில் பட்டது. ஊதுவத்தி வாசமும் சலவைச் சோப்பு வாசமும் வந்தது. மூன்றை அவர் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கேட்காத இடது காது என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஏதோ சொன்னேன். என்னவென்று அவருக்குக் கேட்டிருக்காது.

"மூணு" என்றார் அப்புறம், சாதாரணமாக. எழுந்துவிட்டேன்.

வாசலில் காலணி மாட்டிக்கொண்டு திரும்பினால், மேடையில் செய்ஸாவில் அமர்ந்திருந்தார். கைகள் தரையில்.

"குளிருதுங்க ஐயா. எழுந்திரிங்க. அந்தப் பலகை ஜில்லுன்னு இருக்கும், மூட்டுக்கு ஆகாது."

"போய்ட்டு வாங்க" என்றார். "மறுபடியும் வாங்க, காத்திருப்போம்." விடுதியில் எல்லோருக்கும் சொல்லும் வாசகம்தான்.

வண்டியை எடுத்தேன். அவர் வீட்டிலிருந்து தெருமுனை வரை நேர்கோடு, ஐம்பது மீட்டர். பக்கக் கண்ணாடியில் கதவு திறந்தே இருந்தது. குனிந்த தலை, இருட்டான வாசலில் ஒரு வெள்ளைப் புள்ளி. விருந்தினரின் வண்டி கண்ணை விட்டு மறையும்வரை அவர்கள் நிமிர்வதில்லை. அதுதான் முறை.

முனையில் நிறுத்தினேன். திரும்புவதற்கான விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, பின்னாலும் இல்லை. அப்படியே நின்றேன். வெள்ளைப் புள்ளியும் அசையவில்லை.

பலகை சில்லென்று இருக்கும். நான் போகாமல் அவர் எழ மாட்டார்.

தெருமுனை திரும்பினேன்.